கை காட்டியவள்

ஏனுங்க அம்மிணி, அந்தப் படத்தை அழிச்சுப் போட்டீங்க? நல்லாத்தான இருந்துச்சு. பனமரமும் அந்த மஞ்ச வெயிலும்... நான் ஓரக்கண்ணுல பாத்துட்டுத்தான் இருந்தேன், தப்பா நெனைச்சுக்காதீங்க. பஸ்ஸுல பக்கத்து சீட்டுல ஒருத்தர் போனைத் தூக்கிப் படமெடுத்தா என் கண்ணு தானாப் போயிருது. தொழில் அப்படி. கோபியில வந்து மரகதம் ஸ்டுடியோன்னு கேட்டுப் பாருங்க, பஸ் ஸ்டாண்டுப் பூக்காரம்மாகூட வழி சொல்லும். மரகதம்ங்கறது நான்தானுங்க.

கல்யாணம், சீரு, காதுகுத்து எல்லாம் எடுப்போம். நான் இந்தத் தொழிலுக்கு வந்தப்ப எங்க பக்கம் மண்டபத்துல கேமராவத் தூக்குன பொம்பளை ஒருத்திகூட இல்லை. மேடையேறுனா ஐயரு மந்திரத்தை நிறுத்திட்டு என்னையப் பாப்பாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, 'வூட்டுக்காரரு வரலீங்களா'ன்னு கேப்பாங்க. அதையெல்லாம் தாண்டி வந்தவளுங்க நான். வெளியாளு எத்தனை பேசினாலும் தாங்கிக்குவேன். கூட இருந்தவ செஞ்சா எப்படித் தாங்கறது, நீங்களே சொல்லுங்க.

யசோதான்னு பேரு. எங்கூட இருந்தவ. வேலைக்காரின்னு ஒருநாளும் சொன்னதில்லை. எங்க போனாலும் 'எந்தங்கச்சி'ன்னுதான் சொல்லுவேன். கடையில போன் எடுத்துப் பேசறதுக்கும் ஆல்பம் அடுக்கறதுக்கும் வந்தவதான். ஒரு கல்யாணத்துல ரண்டாவது கேமராவுக்கு வரவேண்டிய ஆளு வராமப் போயிட்டான். நான்தான் 'இந்தா, புடி'ன்னு கேமராவ அவ கையில குடுத்தேன். அன்னிக்கிருந்து அவளும் எடுக்க ஆரம்பிச்சுட்டா. பொண்ணுக்கு சேலை கட்டற ரூம்புல, அழுகற அம்மாக்காரிகிட்ட, சாப்பாட்டுப் பந்தியில, இப்படி நான் போகாத எடத்துக்கெல்லாம் அவ போவா. நான் மேடையில நிப்பேன்.

அவ எடுக்கற படமும் மரகதம் ஸ்டுடியோங்கற பேர்லதான் போகும். கடைன்னா அப்படித்தானுங்க. ஓட்டல்ல தோசை நல்லா இருந்தா மாஸ்டர் பேரையா சொல்றோம்? கடைப் பேரத்தான சொல்றோம். ஒருக்கா மகளிர் தினத்துக்கு எனக்கு விருது குடுத்தாங்க. பொண்ணை அனுப்பி வெக்கறப்ப அப்பாக்காரரு கார்க்கதவைப் புடிச்சுட்டு நிப்பாரு, அந்தப் படத்துக்கு. அது யசோதா எடுத்ததுதான். நான் மேடையில, 'இது எங்க கடையோட உழைப்பு'ன்னு பொதுவாச் சொன்னேன். அவ பேரைத் தனியாச் சொன்னா கடையில மத்தவங்களுக்குச் சங்கடமா இருக்குமில்லீங்க? மத்தவங்கன்னா... அப்ப நாங்க ரண்டு பேருதான் இருந்தோம். இருந்தாலும் ஒரு முறை இருக்குதில்ல.

அவளும் அன்னிக்குக் கீழ உக்காந்து கை தட்டுனாளுங்க. மொகம் ஒண்ணும் மாறலை. அப்படி இருந்தவ.

இதுக்கெல்லாம் காரணம் தாரணின்னு ஒரு கல்யாணப் பொண்ணு. அவங்கம்மா வளர்மதி எங்க கடைக்கு ரொம்ப நாள் பழக்கம். பொண்ணு பெங்களூருல வேலை. ஆவணியில முகூர்த்தம் குறிச்சுட்டுக் கடைக்கு வந்தாங்க. நான் ஆல்பமா எடுத்துப் போடறேன், அந்தப் புள்ளை ஒண்ணையும் நிமிந்து பாக்கலை.

"ஆண்ட்டி, எனக்கு ஆயிரக்கணக்குல படம் வேண்டாம். கொஞ்சமாப் போதும். பிலிம்ல எடுத்துத் தருவீங்களா? பழைய கேமராவுல எடுப்பாங்கல்ல, கருப்பு வெள்ளையில, அந்த மாதிரி."

"அதென்ன கண்ணு அப்படிக் கேட்டுப்போட்ட? நாங்க பாக்காத பிலிமா?"ன்னுட்டேன்.

நான் பிலிமைக் கையில தொட்டதே இல்லீங்க. டிஜிட்டல் வந்ததுக்கப்பறம் தொழிலுக்கு வந்தவ. ஆனா ஒருத்தர் வந்து முடியுமான்னு கேட்டா எனக்கு முடியாதுன்னு வாயில வராது. யசோதா அந்தப் பக்கம் ஆல்பத்துக்கு உறை போட்டுட்டு இருந்தா. தலையைத் தூக்கி என்னைய ஒரு பார்வை பாத்தா. அவ்வளவுதான்.

கோயமுத்தூருல ஒரு ரிப்பேர்க்காரர்கிட்டப் பழைய கேமரா ஒண்ணு கெடைச்சுது. எனக்கு முன்னாடி பொறந்தது அது. கையில வாங்குனா அம்மிக் குழவி கணக்கா கனம். பேட்டரி கெடையாது, ஸ்க்ரீன் கெடையாது. வெளிச்சத்தை நாமளே அளந்து, வட்டத்தைத் திருப்பித் திருப்பித் தெளிவு பாத்து, அப்பறம் அமுக்கோணும். அமுக்கிட்டு லீவரை இழுத்துவிட்டாத்தான் அடுத்த படம். ஒரு ரோலுக்கு முப்பத்தாறே படம். அம்மிணி, நான் ஒரு மாலை மாத்தறதுக்கே அதைவிட ஜாஸ்தி எடுப்பேன்.

நல்லவேளைக்கு அது ஆடி மாசம். ஆடியில எங்களுக்கு முகூர்த்தமே இல்லை, கடையில ஈ ஓட்டிட்டு உக்காந்திருப்போம். 'வா யசோ, இந்த மாசம் இதைக் கத்துக்கலாம்'னு கூப்புட்டேன். ரண்டு பேருக்கும் ஒரே கேமரா. மாத்தி மாத்தி எடுப்போம்.

முதல் ரோலை நான்தான் மாட்டுனேன். போன்ல வீடியோ பாத்து, பிலிம் நுனியைச் சொருகி, மூடியைச் சாத்தி, நாள் பூராம் எடுத்தோம். மார்க்கெட்டு, வாழைத்தாரு, எங்க வூட்டுக்காரரு பேப்பர் படிக்கறது, எல்லாம். சென்னைக்கு ஒரு லேபுக்கு கூரியர்ல அனுப்புனோம். கழுவிட்டு அவங்க போன் பண்றாங்க, 'மேடம், ரோல்ல ஒண்ணுமே பதியலை, பிலிம் உருளையில புடிக்கவே இல்லை'ன்னு. பிலிம் ஒரே எடத்துல நின்னுருக்குது, நாங்க பாட்டுக்கு லீவரை இழுத்துட்டே இருந்திருக்கறோம்.

யசோதா பக்கத்துல நின்னு பேச்சுக் குடுத்துட்டே இருந்தா. அதனாலதான் நான் சரியா மாட்டலை. அவகிட்டச் சொன்னேன், 'நீ பேசாம இருந்திருந்தா நான் கவனிச்சிருப்பேன்'னு. 'சரிங்க்கா'ன்னா. அடுத்ததுல இருந்து அவளே மாட்டுவா. லீவரை இழுத்துட்டு, இந்தப் பக்கம் குமிழ் சுத்துதான்னு குனிஞ்சு பாப்பா. சுத்துனாப் பிலிம் ஓடுதுன்னு அர்த்தம். சுத்துனதும் ஒரு சிரிப்பு சிரிப்பா பாருங்க, கொழந்தையாட்ட.

எனக்கு என்ன கஷ்டம்னா, அமுக்குன உடனே கேமராவத் திருப்பிப் பின்னாடி பாத்துருவேன். அங்க ஒண்ணுமே இருக்காது. கருப்பு மூடிதான் இருக்கும். ஒவ்வொருக்காவும் ஏமாந்து போவேன். படம் விழுந்துச்சா இல்லையான்னு தெரியாம எப்படி அம்மிணி அடுத்ததுக்குப் போறது? அதனால ஒண்ணுக்கு ரண்டா எடுத்துப் போட்டுருவேன். ரோல் சீக்கிரம் தீந்துரும்.

யசோதாவுக்கு அந்தப் பதட்டமே இல்லை. அவ ஒரு படம் எடுக்கறதுக்குள்ள என் டீ ஆறிப்போயிரும். கேமராவக் கண்ணுல வெச்சுட்டே நிப்பா. சில சமயம் எடுக்காமயே எறக்கி வெச்சுருவா. 'என்னாச்சு?'ன்னா, 'வரலைக்கா'ம்பா. என்ன வரலைன்னு எனக்குப் புரிஞ்சதே இல்லை.

லேபுல இருந்து படம் வந்தா என்னோடது பாதி கருப்படிச்சுக் கெடக்கும். லேபுக்காரன் சரியாக் கழுவலைன்னுதான் நெனைக்கறேன். அவளோடது மட்டும் எப்படி நல்லா வந்துச்சுன்னு கேக்கறீங்களா? ஒரே ரோல்தான். அதுதான் எனக்கும் தெரியலை.

அப்பறம் ஆடிப்பெருக்கு வந்துச்சு. பவானி கூடுதுறைக்கு ரண்டு பேரும் போனோம். பாத்திருக்கறீங்களா? தண்ணி நுரைச்சுட்டுப் போகும், படியெல்லாம் சனம், தலை தலையாத் தெரியும். புதுசாக் கல்யாணமான பொண்ணுங்க தாலிக்கயிறு மாத்தறதுக்கு நிப்பாங்க. காதோலைக் கருகமணி, பழம், பூன்னு ஆத்துல விடுவாங்க. நான் அந்தப் பக்கம் ஒரு பரிசல் வர்றதப் பாத்தேன். மாலை போட்டு, மஞ்சத்துணி கட்டி, அம்சமா வந்துச்சு. கேமரா அவகிட்ட இருந்துச்சு, அவ முறை. நான் முன்னாடி போயிக் கையை நீட்டி, 'அங்க பாரு யசோ, எடு எடு'ன்னு கத்துனேன். அவ எடுத்தா.

லேபுல இருந்து படம் போனுக்கு வந்தன்னைக்கு நாங்க ரண்டு பேரும் கடையில உக்காந்திருந்தோம். ஒண்ணொண்ணாத் தள்ளிட்டே வர்றேன், அந்தப் படம் வந்துச்சு. இடுப்பளவு தண்ணியில ஒரு புதுப்பொண்ணு. புதுத் தாலிக்கயித்தைப் பல்லுல கடிச்சுட்டு, ரண்டு கையாலயும் தலைமுடியைப் புழியறா. மொகத்துல ஒரு சிரிப்பு. சந்தோசமா, பயமான்னு சொல்ல முடியாது, ரண்டும் இருக்கற மாதிரி. ஓரத்துல, கலங்கலா, ஒரு கை எதையோ காட்டிட்டு நீண்டிருக்குது. அந்தக் கை இருக்கறதாலயே அந்தப் பொண்ணு தனியாத் தெரியறா.

"யசோ, நம்ம கடை ஆரம்பிச்சதுல இருந்து இப்படி ஒண்ணு வந்ததில்லை"ன்னேன்.

"ஆமாங்க்கா"ன்னா. அவ கண்ணு கலங்கியிருந்துச்சு. நானும் கண்ணத் தொடைச்சுக்கிட்டேன். பொய் சொல்லலீங்க. அன்னிக்கு நாங்க நெஜமாவே அக்கா தங்கச்சியாத்தான் இருந்தோம்.

கடையோட ஆன்லைன் பக்கத்துல போட்டேன். எப்பவும் போல, 'படம்: மரகதம் ஸ்டுடியோ'ன்னு. என்னென்னமோ ஊர்ல இருந்தெல்லாம் பாராட்டு வந்துச்சு. கோயமுத்தூருல பிலிம் படம் எடுக்கறவங்க சேந்து ஒரு கண்காட்சி வெக்கறாங்க, அனுப்புங்கன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. இந்த ஆன்லைன் வேலையெல்லாம் யசோதாதான் பாப்பா. 'அனுப்பி விட்று'ன்னு சொன்னேன்.

அவ கேட்டா, "பேர் என்னன்னு போடட்டும்க்கா?"

நான் அப்ப மண்டபத்து மேனேஜர்கூடப் போன்ல சண்டை போட்டுட்டு இருந்தேன். "எடுத்தவங்க பேரைப் போடு யசோ, இதையெல்லாமா எங்கிட்டக் கேப்ப?"ன்னுட்டு பேச்சைத் தொடந்தேன்.

நான் என்ன நெனைச்சுச் சொன்னேன்? அவ என்னன்னு எடுத்துக்கிட்டா? பாத்தீங்களா?

அதுக்கு நடுவுல தாரணி போன் பண்ணுனா. அந்த ஆத்துப் படத்தைப் பாத்திருக்கறா. "ஆண்ட்டி, அதை எடுத்தது யாரு?"ன்னு கேட்டா. "எங்க கடைதான் கண்ணு"ன்னேன். "இல்லீங்க ஆண்ட்டி, கேமராவ அமுக்குனது யாரு?"ன்னு திரும்பக் கேட்டா. இந்தக் காலத்துப் புள்ளைங்க இப்படித்தான், விடாது. யசோதா பக்கத்துல உக்காந்திருக்கறா, நான் என்ன பண்றது? "யசோதாதான் அமுக்குனா"ன்னேன். "அப்ப என் கல்யாணத்துல பிலிம் கேமரா அவங்களே புடிக்கட்டும் ஆண்ட்டி"ன்னுட்டா. சரி போகட்டும், டிஜிட்டல்தான மெயினு, அது எங்கிட்ட இருக்குதுன்னு மனசத் தேத்திக்கிட்டேன். 'கேமராவ நீயே வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிப் பழகிக்கோ'ன்னு பெருந்தன்மையாக் குடுத்தும் விட்டேன்.

கல்யாணத்தன்னைக்கு விடிகாலையில இருந்து அவ அந்தக் கேமராவக் கழுத்துல போட்டுட்டு ஒரு மூலையில நின்னா. பொண்ணுக்குப் பூ வெக்கறது, இணைச்சீரு, தாரை வாக்கறது, எல்லாத்துக்கும் ஒண்ணு ரண்டுதான் எடுத்தா. நான் மேடையில டிஜிட்டல்ல அடிச்சுத் தள்ளறேன். தாலி கட்டற நேரம் கெட்டிமோளம் முழங்குது, அட்சதை பறக்குது. எனக்கு எதுத்தாப்புல, கீழ, முட்டி போட்டுட்டு நின்னு அவ ஒரே ஒருக்கா அமுக்குனதப் பாத்தேன். அமுக்கிட்டுக் கேமராவ எறக்குனா. மூஞ்சியில அந்தக் குமிழ் சுத்தும்போது வர்ற சிரிப்பு. விழுந்துருச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. எப்படித் தெரியும்? திருப்பிக்கூடப் பாக்கலையே!

முகூர்த்தம் முடிஞ்சு எல்லாரும் பந்திக்குப் போறாங்க. தாரணியோட சித்தப்பா பையன் ஒருத்தன், கோயமுத்தூருல காலேஜ் வாத்தியாரு, நேரா யசோதாகிட்ட வர்றான். "நீங்கதான யசோதா? வாழ்த்துக்கள்ங்க. கண்காட்சி அழைப்பிதழ்ல உங்க படத்தத்தான் அட்டையில போட்டிருக்காங்க"ங்கறான். போனைக் காட்டறான். நானும் எட்டிப் பாத்தேன். ஆத்துப் படம். அடியில பெருசா, 'யசோதா, கோபிச்செட்டிபாளையம்.' மரகதம்னு ஒரு எழுத்து இல்லீங்க. ஸ்டுடியோன்னு ஒரு வார்த்தை இல்லை.

சுத்தி ஒறம்பரை, சொந்தபந்தம் பூராம் நிக்கறாங்க. நான் சிரிச்சுட்டே நின்னேன். எப்படி நின்னேன்னு எனக்குத்தான் தெரியும். அவன் அந்தப் பக்கம் போனதும், 'யசோ, உள்ள வா'ன்னு பொண்ணு ரூம்புக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க யாருமில்லை. சேலை, பூவு, பெட்டியெல்லாம் கெடந்துச்சு.

"என்ன இது?"ன்னேன்.

"நீங்கதானுங்க்கா சொன்னீங்க, எடுத்தவங்க பேரைப் போடுன்னு."

"எடுத்தது யாரு?"

"நான்தானுங்க்கா."

எவ்வளவு சுலபமாச் சொல்லிப்போட்டா! "அந்தப் படத்துல நீட்டியிருக்கறது யாரு கை? என் கை! அங்க பாரு, எடுன்னு காட்டுனது நான். காட்டுனவ நானு, அமுக்குனவ நீயி. அப்ப அது யார் படம், நீயே சொல்லு"ன்னேன்.

அவ கழுத்துல தொங்குன கேமராவப் புடிச்சுக்கிட்டா. அப்பறம் மெதுவா, "நீங்க காட்டுனது பரிசலைங்க்கா. நான் அந்தப் பொண்ணை எடுத்தேன்"னா.

பதில் சொல்ல முடியாத மாதிரி பேசறவங்ககிட்டச் சண்டை போடவே கூடாது அம்மிணி. "எத்தனை வருசம் என் கடையில எடுத்திருக்க? அப்பெல்லாம் பேர் கேட்டியா? இன்னிக்கு மட்டும் எதுக்கு?"ன்னு கேட்டேன்.

"அப்பெல்லாம் நீங்க என் பேரைப் போடுன்னு சொல்லவே இல்லைங்க்கா. இப்ப சொன்னீங்க. சந்தோசமாப் போட்டேன்"னா.

கேட்டீங்களா? சந்தோசமாமா.

"என் கேமராவ எங்கிட்டக் குடு"ன்னு கழுத்துல இருந்து உருவிட்டேன். நான் நெனைச்சது என்னன்னா, உன் பிலிமு உனக்கு, என் கேமரா எனக்குன்னு பிரிச்சுக் குடுத்துடறது. மேல இருக்கற குமிழை இழுத்தேன். பின்மூடி தெறந்துக்கிச்சு. ஜன்னல் வெயில் நேரா உள்ள விழுந்துச்சு. உள்ள பிலிம் பளபளன்னு சுருண்டிருந்துச்சு.

'பிலிம் உள்ள இருக்குதுங்க்கா, இன்னும் டப்பாவுக்குள்ள திருப்பிச் சுத்தலை, தெறக்காதீங்க'ன்னு அவ கத்துனாளாம். வெளிய நாதஸ்வரம், மைக்குல யாரையோ சாப்புடக் கூப்புடறாங்க. என் காதுல விழலீங்க. விழுந்திருந்தாத் தெறந்திருப்பனா?

அவ தாவி வந்து ரண்டு கையாலயும் மூடியை அமுக்கிச் சாத்துனா. சாத்துனபடியே நின்னா. அழுகலை. "முகூர்த்தம்க்கா"ன்னு மட்டும் சொன்னா.

அதுக்கப்பறம் அவ என்ன செஞ்சான்னு நெனைக்கறீங்க? வூட்டுக்குப் போகலை. என் பையில இருந்த இன்னொரு டிஜிட்டல் கேமராவ எடுத்துட்டுப் பந்திக்குப் போனா. சாயந்திரம் பொண்ணை அனுப்பற வரைக்கும் ஒழுங்கா வேலை பாத்தா. எங்கிட்ட லென்சு வாங்குனா, குடுத்தா.

லேபுல இருந்து கல்யாணப் படம் வந்துச்சு. விடிகாலையில எடுத்த நாலஞ்சு படம் தப்பிச்சிருந்துச்சு. உள்சுத்துல இருந்ததால. கடைசியா எடுத்ததெல்லாம் மேல்சுத்துல இருந்திருக்குது, வெளிச்சம் குடிச்சுப்போட்டுது. தாலி கட்டுன படம் வெறும் வெள்ளை. நான் சொல்றேன், டிஜிட்டல்ல ஆயிரத்துக்கு மேல இருக்குது, தாலி கட்டறது மட்டும் எத்தனையோ கோணத்துல இருக்குது. என்ன கொறைஞ்சு போச்சு? ஆனா அந்தப் புள்ளை தாரணி அழுதாளாம். அவ கேட்டதே அதைத்தானாம்.

வளர்மதிதான் போன் பண்ணிச் சொன்னாங்க. யசோதா அவங்க வூட்டுக்கே நேர்ல போயிருக்கறா. பிலிம் சுத்தி முடிக்கறதுக்கு முன்னாடி மூடியைத் தெறந்துட்டேன், என் தப்புதான்னு சொல்லியிருக்கறா. "பாவம்ங்க மரகதம், அந்தப் புள்ளை மொகத்தையே பாக்க முடியலை. அவளே வந்து ஒத்துக்கிட்டா. நீங்க ஒண்ணும் திட்டிப் போடாதீங்க"ங்கறாங்க வளர்மதி.

நான் என்னத்தச் சொல்றது? அவ ஒண்ணு சொல்லியிருக்கறா, நான் மாத்திச் சொன்னா அவ பொய்க்காரி ஆயிருவாளே. "படிச்சுப் படிச்சுத்தானுங்க சொன்னேன், கவனமா இருன்னு"ன்னேன். அப்படித்தான் வாயில வந்துச்சு.

அப்பறம் அவ கடைக்கு வரலை. ஒரு நாள் நான் வெளிய போயிருந்தப்ப வந்து, கடைச் சாவி, ஹார்டு டிஸ்க்கு, அந்தப் பழைய கேமரா, எல்லாத்தையும் மேசை மேல வெச்சுட்டுப் போயிட்டா. கேமராவத் தொடைச்சு, தூசி தட்டி, லென்சுக்கு மூடி போட்டு வெச்சிருந்தா. போன் பண்ணுனேன். எடுத்தா. "ஏன் யசோ வரலை?"ன்னேன். "கொஞ்ச நாள் தனியாப் பாக்கலாம்னு இருக்கறனுங்க்கா"ன்னா. கோவமா இருக்குதான்னு கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க்கா"ன்னா.

இதுதான் அம்மிணி என்னால தாங்க முடியலை. துரோகம்னா இதுதானுங்க துரோகம். கோவப்பட்டிருக்கலாமில்ல? தாரணிகிட்ட, 'தெறந்தது எங்கக்காதான்'னு போட்டுக் குடுத்திருக்கலாமில்ல? அப்படிச் சொல்லியிருந்தா நான் நேரா அவ வூட்டு வாசல்ல போயி நின்னு, 'என்னடி சொன்ன'ன்னு ஒரு புடி புடிச்சிருப்பேன். அவளும் இத்தனை வருசத்துதையெல்லாம் எடுத்து வீசியிருப்பா. கத்தி, அழுது, மூக்கைச் சிந்தி, சாயந்திரம் டீ குடிச்சிருப்போம். அக்கா தங்கச்சின்னா அப்படித்தான இருக்கோணும்? இவ என்ன பண்ணிப்போட்டா, எல்லாப் பழியையும் தன் தலையில போட்டுக்கிட்டு, எனக்குச் சண்டை போடறதுக்குக்கூட ஒண்ணுமில்லாமப் பண்ணிட்டுப் போயிட்டா. எங்க வூட்டுக்காரருகிட்டச் சொன்னா, 'அந்தப் புள்ளை உன்னையக் காப்பாத்தியிருக்குது, மரகதம்'ங்கறாரு. காப்பாத்துனாளாம்! நான் கேட்டனா?

அந்தக் கேமரா இன்னும் மேசை மேலதான் இருக்குது. ஒரு பிலிம் வாங்கி மாட்டிப் பாத்தேன். லீவரை இழுத்தேன். குமிழ் சுத்துச்சு. அப்பறம் என்ன எடுக்கறதுன்னு தெரியலை. அப்படியே வெச்சுட்டேன்.

நான் கோயமுத்தூரு போயிட்டு வர்றது எதுக்குன்னு இப்பப் புரிஞ்சிருக்கும். கண்காட்சி இன்னிக்குக் கடைசி நாளு. போகக்கூடாதுன்னுதான் இருந்தேன். காலையில எந்திரிச்சதும் என்னமோ பட்டுப்பொடவை கட்டிட்டு பஸ் ஏறிட்டேன். அங்க போனா வாசல்ல நல்ல கூட்டம். பெரிய கதவு தெறந்து கெடக்குது, உள்ள செவுத்துல படமெல்லாம் தெரியுது. நான் வெளிய ஒரு மரத்தடியில நின்னேன். உள்ள போயி, யாராவது நீங்க யாருன்னு கேட்டா என்ன சொல்றது? அந்தக் கை என்னுதுங்கன்னா சொல்றது?

அப்ப யசோதா யாரோ ரண்டு பேரை வழியனுப்ப வெளிய வந்தா. பருத்திச் சேலை, நெத்தியில சின்னப் பொட்டு. இளைச்சிருந்தா. திரும்பறப்ப என்னையப் பாத்துட்டா. அப்பறம் நேரா எங்கிட்ட வந்தா. நான் ரெடியாத்தான் இருந்தேன் அம்மிணி. வழி பூராம் மனசுக்குள்ள ஒத்திகை பாத்துட்டு வந்திருந்தேன். அவ ஒண்ணு சொன்னா நான் ஒம்பது சொல்லலாம்னு.

"வாங்க்கா"ன்னா. கையைப் புடிச்சா. அவ கை சில்லுன்னு இருந்துச்சு. "சாப்டீங்களாக்கா?"ன்னு கேட்டா.

வூட்டுக்கு வந்த ஒறம்பரைகிட்டக் கேக்கற மாதிரி கேக்கறா. எங்கிட்ட. ஒரே டிபன் பாக்ஸுல எத்தனை மண்டபத்துல பகுந்து சாப்பிட்டிருக்கறோம்! பந்தி முடிஞ்சு, எல்லாரும் போனதுக்கப்பறம், மேடைக்குப் பின்னாடி உக்காந்து.

என்ன சொன்னேன்னு கேக்கறீங்களா?

சாப்புட்டேன்னு சொன்னேன். வேலை இருக்குது, வர்றேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். அவ ரோடு வரைக்கும் கூட வந்தா. ஆட்டோ புடிச்சு ஏத்திவிட்டா.

சாப்பிடலீங்க அம்மிணி. காலையில இருந்து பச்சைத்தண்ணிகூடக் குடிக்கலை.